ஏழு பேரும் ஒரு அண்டாவும்

வெள்ளி இரவு, தாம்பரம்

காரின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரமாக ஓர் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பித்தளை அண்டா. அம்மாவின் சீதனம். ஞாயிற்றுக்கிழமை திருமயம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் அய்யனாருக்குப் பொங்கல். ஊரிலேயே வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறதே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா எனக்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவிடம் திரும்பி, "சாமிக்கு வாடகை அண்டாவுல பொங்க வைப்பாங்களான்னு உங்க புள்ளையக் கேளுங்க" என்றார். அதோடு சரி.

கார் ரெனால்ட் ட்ரைபர். 2022-இல் வாங்கினேன். இது தயாராகும் ஒரகடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான். ஏழு பேர் உட்காரலாம், ஆனால் நீளம் 3,990 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் குறைவு, ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்த விரலை விட்டது வரிக்காக. நான்கு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் என்ஜினும் 1,200 சிசிக்குள் இருந்தால் அரசாங்கக் கணக்கில் அது சின்னக் கார், வரி குறைவு. 2006 பட்ஜெட்டில் வந்த சலுகை. அதற்குப் பிறகு நம் ஊர்க் கார்கள் பலவும் நான்கு மீட்டர் கோட்டுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அந்த நீளத்துக்குள் மூன்று வரிசை போட்டால் பின்னால் என்ன மிஞ்சும்? 84 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர் என்பதால் எனக்கு எல்லாமே கேன் கணக்குதான்: நாலு கேன். அண்டா அதில் தலையைக்கூட நுழைக்காது. ஆனால் மூன்றாம் வரிசையின் இரண்டு சீட்டுகளும் தனித்தனி. வேண்டாத சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். ஒன்றை எடுத்தால் 320 லிட்டர், பதினாறு கேன். இரண்டையும் எடுத்தால் 625, முப்பத்தொரு கேன்.

நாங்கள் ஆறு பேர்: நான், மனைவி, பதினைந்து வயது மகன், ஒன்பது வயது மகள், அப்பா, அம்மா. ஆக ஒரு சீட் வேண்டாம். முதுகை மடக்கி, கீழே கொக்கியை விடுவித்து, ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் டிவிக்கு எதிரே வைத்தேன். காலியான இடத்தில் அண்டா கச்சிதமாக உட்கார்ந்தது. இதைவிடப் புத்திசாலித்தனமான குடும்பத் தலைவன் தாம்பரத்தில் இல்லை என்ற நினைப்போடு தூங்கப் போகிறேன்.

முதல் நாள் – சனி

காலை நாலரைக்குக் கிளம்பினோம். முன்னால் அப்பா. நடுவில் அம்மா, மனைவி, மகன். பின்னால் மகள், பக்கத்தில் அண்டா. பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்பே ஒரு பிரச்சினை: திருப்பத்தில் அண்டா லேசாக நகர்ந்து ஓரத்தில் இடித்தால் கோயில் மணி மாதிரி ஒலிக்கிறது. இரண்டாம் முறை அடித்தபோது அப்பா தூக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செங்கல்பட்டு தாண்டி ஓரமாக நிறுத்தி, உள்ளே இரண்டு ஜமுக்காளத்தைத் திணித்து, கயிற்றால் இழுத்துக் கட்டினேன். அப்புறம் சத்தமில்லை. மகள் அதன் மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து, படம் வரைய மேசையாக்கிக்கொண்டாள்.

அப்பா இந்தக் காரை 'வேன்' என்றுதான் சொல்வார். திருத்திப் பார்த்துக் கைவிட்டுவிட்டேன். அவருக்குக் குடும்பத்தோடு போகிற வண்டி என்றால் மாருதி வேன். 1984-இல் வந்தது, 796 சிசி, பிறகு ஆம்னி என்று பெயர் மாறியது. அதில்தான் அக்காவின் பெண்ணழைப்புக்குப் போனோம், அதில்தான் தாத்தாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். என்ஜின் முன்சீட்டுக்கு அடியில். திருச்சி வருவதற்குள் டிரைவருக்குக் கீழே தோசைக்கல். ஆனால் கதவை இழுத்துத் தள்ளினால் பத்துப் பேர் இறங்குவார்கள். இதே 1984-இல்தான் ரெனால்ட் கம்பெனி பிரான்ஸில் எஸ்பேஸ் என்ற குடும்ப வேனை விற்க ஆரம்பித்தது. ஆம்னியின் உற்பத்தி நின்றது 2019-இல். ட்ரைபர் வந்ததும் அதே 2019-இல். நான் இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப வேன்தானே?" என்றார்.

ஓட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 999 சிசி, மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன். ஆறு பேர், மூட்டை முடிச்சு, அண்டா, ஏசி. நாற்கரச் சாலையில் தொண்ணூறில் போகிறவரை ஒரு குறையும் தெரியாது. ஆனால் முன்னால் போகும் லாரியைத் தாண்டவேண்டும் என்றால் கொஞ்சம் யோசித்து, ஒரு கியர் இறக்கி, எதிரில் ஆள் இல்லையென்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் தாண்டவேண்டும். அவசரக்காரர்களுக்கான வண்டி இல்லை. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கும்போது நான் அவசரக்காரனும் இல்லை.

பின்வரிசைக்கு ஏசி போகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நடுவரிசைக்குப் பக்கத்தூணில் இருந்து, கடைசி வரிசைக்குக் கூரையிலிருந்து காற்று வருகிறது, விசிறி வேகத்தைப் பின்னாலிருந்தே கூட்டிக் குறைக்கலாம். விக்கிரவாண்டி தாண்டியதும் மகள் போர்வை கேட்டாள். மே மாதத்தில்.

உளுந்தூர்பேட்டை அருகே இட்லி. பத்தரைக்கெல்லாம் ஸ்ரீரங்கம், மாமியார் வீடு. காபி குடித்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. அத்தை காபியைக் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி கேட்டார்:

"மாப்பிள்ளை, பொங்கலுக்கு நானும் வரலாம்னு பார்த்தேன். வண்டியில இடம் இருக்குமா?"

இடம் இருக்கிறது. பதினாறு கேன் இடம் இருக்கிறது. சீட்தான் தாம்பரத்தில் டிவிக்கு எதிரே இருக்கிறது. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

இந்தக் காரின் சூட்சுமம் இதுதான். ஆளா, சாமானா என்று வீட்டிலேயே முடிவு செய்யச் சொல்கிறது. நம் குடும்பங்களில் அப்படி ஒரு முடிவு ஸ்ரீரங்கம் வரைகூடத் தாங்குவதில்லை.

காப்பாற்றியவர் அப்பா. "சம்பந்தியம்மா தாராளமா வரட்டும். நானும் பேரனும் பஸ்ஸுல வர்றோம்" என்றார். மகன் அதற்குள் செருப்பைப் போட்டுவிட்டான். இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு, அத்தையின் பை, அத்தையின் இன்னொரு பை, அய்யனாருக்கு என்று அவர் கட்டிய கதம்பம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். கீரனூரில் கதம்பத்துக்குத் தண்ணீர் தெளிக்க நிறுத்தச் சொன்னார்கள். அதற்கப்புறம் மோர் குடிக்க. புதுக்கோட்டைக்குள் நுழையும்போது மகனிடமிருந்து போன்: "அப்பா, நாங்க திருமயம் பஸ்ஸே ஏறிட்டோம். நீங்க எங்க?"

ஓட்டியது 384 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு சொச்சம். டேங்க் நாற்பது லிட்டர், அதனால் வழியில் பெட்ரோல் போடவில்லை.

இரண்டாம் நாள் – ஞாயிறு

கோயில் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு தரைப்பாலம், அதன் இரு முனையும் மழையில் அரித்துப் படிக்கட்டு மாதிரி ஆகியிருக்கிறது. வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 182 மில்லிமீட்டர் உயரம். தாராளம்தான், ஆனால் ஏழு பேர் ஏறினால் அந்தக் கணக்கு மாறிவிடும். எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, அண்டாவை மட்டும் வைத்துக்கொண்டு கடந்தேன். பெரியப்பா முன்னால் நின்று இரண்டு கையாலும் 'வா, வா' என்று சைகை காட்டினார். அவர் 'வா' என்று சொன்ன இடத்தில் கல் இருந்தது. நான் வேறு பக்கம் திருப்பினேன்.

மண்குதிரைகள் வரிசையாக நிற்கும் கோயில். அம்மாவும் அத்தையும் அடுப்பு மூட்டினார்கள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது, குலவை போட்டார்கள், எனக்குக் கண்ணில் புகை. இதற்கு மேல் பொங்கலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, நன்றாக இருந்தது, அண்டா காலி.

நான் எழுத நினைத்தது பன்னிரண்டு மணி வெயிலைப் பற்றி. மரத்தடியெல்லாம் ஆட்கள். காரின் பின்கதவை மேலே தூக்கினால் ஒரு தாழ்வாரம் கிடைத்தது. அதன் கீழே இலை போட்டு நாலு பேர் சாப்பிட்டார்கள். நடுசீட்டின் முதுகைப் பின்னால் சாய்த்துக் கொடுத்ததில் அத்தை அரை மணி நேரம் கண் அசந்தார். ஊர்ப் பிள்ளைகள் மிச்சமிருந்த மூன்றாம் வரிசை சீட்டில் முறை வைத்து ஏறி இறங்கினார்கள். அதைப் பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளைகளை விரட்டிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். அவர் அவ்வளவு உயரம் இல்லை. முட்டி இடிக்கவில்லை. "இடுப்புக்கு நல்லாருக்கேப்பா" என்றார்.

அந்த வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் – திங்கள்

இன்றைக்கு ஆத்தங்குடி. சாமி அறைத் தரையில் பதிக்கப் பூக்கல் வாங்கவேண்டும் என்பது மனைவியின் மூன்று வருட ஆசை. நான், மனைவி, மகன் மட்டும். காலையில் மிச்சமிருந்த ஒற்றைச் சீட்டையும் கழற்றிப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். முக்கால் மணி நேரம்.

ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை என்பது எனக்கு இன்றுதான் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் பளபளப்பைப் பார்த்து, ஏதோ சூளை சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். பட்டறையில் ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். சதுரமான கண்ணாடித் துண்டை இரும்புச் சட்டத்துக்குள் வைக்கிறார். அதன் மேல் பூ வடிவத் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் வேறு வேறு நிறச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை. பிறகு அச்சை ஒரே மூச்சில் மேலே தூக்குகிறார். கை லேசாக நடுங்கினாலும் பூ கலைந்துவிடும். நடுங்கவில்லை. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு அமுக்கிச் சமன் செய்து, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்காக ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் முகம். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. நாம் பார்க்கிற பூவை அவர் கடைசிவரை பார்ப்பதேயில்லை, முதுகுப் பக்கமாகவே செய்து முடிக்கிறார். மண்ணும் உள்ளூர் மண்தான்.

"போட்ட ஒடனே பாத்துட்டு மங்கலா இருக்குன்னு சொல்லாதீங்க. நடக்க நடக்கத்தான் மெருகேறும்" என்றார். சாமி அறையில் யார் நடக்கப் போகிறார்கள் என்று மகன் கேட்டான். "சாமி நடப்பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்தார்.

சாமி அறை ஐந்துக்கு ஐந்தடி. எட்டு அங்குலச் சதுரக் கல் என்றால் ஐம்பத்தேழு வேண்டும். உடைசலுக்கு மூன்று சேர்த்து அறுபது. ஒரு கல்லைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: ஒன்றே முக்கால் கிலோ. அறுபதுக்கு 105 கிலோ. கார் மொத்தமே ஆயிரம் கிலோவைத் தொடாது, அதில் பத்தில் ஒரு பங்கு கல்லை ஏற்றுகிறோம் என்ற நினைப்பு வந்ததும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. பிறகு யோசித்தால், அப்பாவும் மகளும் சேர்ந்தாலே அந்த எடை வந்துவிடும். ஆட்கள் எடையில்லாதவர்கள் போலவும் சாமான்தான் கனம் போலவும் நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஏற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. கல்லைப் படுக்கப் போட்டு அடுக்கினால் ஒரு பள்ளத்தில் பாதி போய்விடும். புத்தகம் மாதிரி நிமிர்த்தி, இரண்டு இரண்டாக முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் வைக்கோல் வைத்து நிறுத்தவேண்டும். பட்டறைப் பையன் அடுக்கினான், நான் இடம் சொன்னேன். நடுவரிசையை மொத்தமாக மடக்கவேண்டியதில்லை, பிரித்து மடக்கலாம். ஒரு பக்கத்தை மடித்துத் தள்ளி, முன்சீட்டின் முதுகை ஒட்டிக் கல் வரிசை. இன்னொரு பக்கம் மனைவி, ஒரு கை கல்லின் மேல். பின்சக்கரத்துக்கு அப்பால் ஒன்றுகூட வைக்கவில்லை. அங்கே கனம் ஏறினால் முன்பக்கம் லேசாகி ஸ்டீரிங் பிடிப்பு குறையும். கடைசியாகக் குறுக்கே இரண்டு கயிறு. 'நாம நின்னாலும் கல்லு நிக்காதுப்பா, அது பாட்டுக்கு அதே வேகத்துல முன்னால வரும்' என்று மகன் பத்தாம் வகுப்பு இயற்பியலைச் சொன்னான். மூன்றாவது கயிறும் கட்டினேன். டயருக்குக் காற்றைக் கூட்டிக்கொண்டு நாற்பதில் உருட்டி வந்தோம். ஒரு கல்லும் உடையவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் திண்ணையில் பெரியப்பா, என் சீட்டில். அடியில் கொக்கிகள் இருப்பதால் அது தரையில் நேராக நிற்காது. பின்னால் இரண்டு செங்கல் கொடுத்துச் சுவரோரம் சாய்த்து, பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, காலுக்குக் கீழே ஒரு மணை. நாங்கள் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஏப்பா, இது என்ன வெல இருக்கும்?"

"தனியா விக்கிறது இல்ல பெரியப்பா, வண்டியோட வர்றது."

"அப்ப வண்டி வெலையிலேயே இது அடங்கிருச்சுல்ல?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் நான் தோற்பேன் என்று தெரிந்தது.

நான்காம் நாள் – செவ்வாய்

அப்பாவும் அம்மாவும் இன்னும் ஒரு வாரம் ஊரில் இருக்கப்போகிறார்களாம். இரவே முடிவாகியிருக்கிறது, எனக்குக் காலையில் தெரிந்தது. ஆக அத்தையையும் சேர்த்து ஐந்து பேர். கல்லை நடுசீட்டு முதுகின் பின்புறத்தை ஒட்டி மாற்றி அடுக்கினோம். அண்டாவும் வந்தது. அதற்குள் வடகாட்டுப் பலாப்பழம் ஒன்றைப் பெரியம்மா வைத்தார்.

சீட் வரவில்லை. கேட்கலாம் என்று திண்ணைப் பக்கம் போனேன். பெரியப்பா அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வா, பாத்து ஓட்டு" என்றார். போய்விட்டு வந்தேன்.

பலாப்பழத்தை மூடிய காரில், ஏசி போட்டு, முன்னூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனவர்கள் இருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லுங்கள். இந்த மாதிரிக் காரில் டிக்கி என்று தனி அறை கிடையாது, எல்லாம் ஒரே கூடம். ஆம்னியிலும் அப்படித்தான் இருந்தது. புதுக்கோட்டையில் வாசனை, திருச்சியில் நாற்றம், பெரம்பலூர் தாண்டியதும் பழகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது அத்தை, "பாதியை இங்க அறுத்து வெச்சுட்டுப் போங்களேன்" என்று இரக்கப்பட்டுச் சொன்னார். முழுப்பழமாகக் கொண்டுபோகவேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள்.

வழியில் ஒன்றும் நடக்கவில்லை. பரனூரில் வழக்கமான கூட்டம். இரவு எட்டரைக்கு வீடு. அறுபது கல்லும் முழுசு. சட்டையில் இன்னும் பலாப்பழம்.

ஹாலில் விளக்கைப் போட்டேன். டிவிக்கு எதிரே முதல் சீட் அப்படியே இருந்தது. அலுப்பில் அதிலேயே உட்கார்ந்தேன். அடியில் கொக்கி இருக்கிறதே, பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன்.

அடுத்த திங்கள்

அம்மாவிடமிருந்து போன். சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை, சென்னையில் காட்டலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். துணைக்குப் பெரியம்மாவும் வருகிறார். அரிசி மூட்டை ஒன்று, தேங்காய் கொஞ்சம். நான் கேன் கணக்குப் போட ஆரம்பித்தேன். என்னோடு ஐந்து பேர், நடுவரிசையே போதும், பின்னால் மூட்டை.

பெரியப்பா போனை வாங்கினார்.

"நடுவுல நெருக்கிக்கிட்டெல்லாம் வேணாம்ப்பா. நான் பின்னால என் சீட்டுலயே வந்துக்கிறேன். செங்கலையும் எடுத்துக்கவா?"